முன்னால் போன பேருந்து

மாலை ஆறு ஐம்பது. அஞ்சுகிராமம் பேருந்து நிலையத்துக்குள் எங்கள் கார் நின்றது. எதிரே தெரிந்தது ஒரு பேருந்தின் பின்புறமும் அதன் இரண்டு சிவப்பு விளக்குகளும். கார் நுழையக் கூடாத இடம் அது. அண்ணன்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஏலே மக்கா, எந்த ஊரு டிரிப்பு? போர்டு மாட்டு, ஆளு ஏத்திருவோம்."

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நேரா போகாம ஏன் உள்ள வந்தே?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"சொவப்பு லைட்ட பாத்துதாம்டே வந்தேன். ரோடு தெரியல."

சுசீந்திரம் தாண்டியதிலிருந்தே அந்தப் பேருந்தின் பின்னால் வந்திருக்கிறார். அது திரும்ப, அவரும் திரும்பிவிட்டார்.

அவர் தொழிலே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய் வருவதுதான். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களைக் கூட்டி வருவார். அந்த விமானங்கள் பெரும்பாலும் விடியுமுன் இறங்குபவை. சில மாதங்களாக ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பேருந்தையோ லாரியையோ பின்தொடர்ந்துதான் போய் வந்திருக்கிறார். வீட்டில் மைனிக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் நாகர்கோவிலில் கண் மருத்துவரிடம் போனோம். நல்ல வெளிச்சத்தில் கடைசி வரிவரை வாசித்தார். மருத்துவர் விளக்கைக் குறைத்ததும் நடுவரியிலேயே நின்றுவிட்டார். மங்கலில் கண்ணின் பாவை விரியும்போது சிலருக்குத் தூரப் பார்வை குறையும், பகலில் அது தெரியாது என்றார் மருத்துவர். இரவில் ஓட்டும்போது போட ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி கைக்கு வந்த அன்று இரவு அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் எங்களை மயிலாடிவரை ஓட்டிக் கூட்டிப் போனார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவரை என்னைவிட முன்பே பார்த்துவிட்டார்.

ஆனால் பேருந்து நிலையக் கதை டீக்கடைகளுக்குப் போய்விட்டிருந்தது. "பஸ்ஸுக்கு பொறத்தால போற டிரைவரு" என்று அவருக்குப் பெயர் விழுந்தது. வழக்கமாக அழைக்கும் வீடுகள் ஒவ்வொன்றாக அழைப்பதை நிறுத்தின. அண்ணன் தினமும் காரைக் கழுவினார்.

மாசியில் அக்காவின் மகன் சவுதியின் தம்மாமிலிருந்து வந்தான். அக்கா வேறு வண்டி பிடித்திருந்தாள். அண்ணனுக்குத் தெரிந்துபோனது. நான் அக்காவிடம் போனில் கேட்டேன்.

"இருட்டுல எறங்குற பிளைட்டு மக்கா. இல்லேன்னா ஒன் அண்ணனத்தான் விட்டிருப்பேன்," என்றாள்.

அந்த விமானம் இறங்கும் நேரம் காலை பத்தரை.