கம்பிவேலிக்கு வெளியே ஒருவர்

விழுப்புரத்தில் பெண்பிள்ளைகள் கூடைப்பந்து ஆடும் மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே, மாலைதோறும் அவர் நிற்பார். காக்கிச் சட்டை, வெயில் தின்ற கழுத்து, வாயில் ஓயாமல் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கண் மட்டும் பந்தை விட்டு நகராது. என் மகள் கயல் ஆடும் இடத்தில் இந்த ஆளுக்கு என்ன வேலை? நெஞ்சில் நெருஞ்சி முள். அவள் ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்; அதுவரை காவலுக்கு நானும் தினமும் வேலியோரம் நின்றேன். ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"இதுல உங்க பொண்ணு யாருங்க?"

"யாரும் இல்ல சார். கரும்பு லாரி ஓட்டுறேன். இதுங்க பேரை வச்சுத்தான் எங்க பேச்சே. ரோட்டுல ஒரு வண்டி இடிச்சுக்கினு உள்ள பூந்தா 'ரோஸி'. வழி தர்ற மாதிரி காட்டிட்டு ஓடினா 'மீனா'. திண்டிவனம் வரைக்கும் டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும்."

"கயல்னா?" என்றேன், என் மகள் என்று சொல்லாமல்.

தோலைத் துப்பினார். "கையில வேலைய வச்சுக்கினு திரும்பித் திரும்பிப் பார்க்கறது. பந்து போடறச்சே எல்லாம் அது இந்த வேலியத்தான் பார்க்குது. யாருக்கோ பயப்படுது, பாவம்."

வேலியோரம் நாங்கள் இருவர்தான் நின்றிருந்தோம்.

மறுநாள் நான் போகவில்லை. மகள் வியர்வையோடு ஓடிவந்தாள். "போட்டதெல்லாம் உள்ள போச்சுப்பா!"

"அந்த ஆளு நின்னாரா?"

"நின்னாரே. கை தட்டினாரு."

அவர்மேல் சந்தேகம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மாலையானால், என் மளிகைக் கடையில் பருப்பை நிறுக்கும்போதே கண் மைதானத் தெருவுக்குப் போய்விடுகிறது. கயல் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.