பச்சை நிறத் தெரு

பன்னிரண்டு வீடுகளின் பசியை நான் பொய்யாக எழுதினேன். பேக்கரியில் உட்கார்ந்து, முட்டை பப்ஸ் தின்றுகொண்டே எழுதினேன்!

அப்போது உறுத்தியதா என்கிறீர்களா? இல்லை... பப்ஸ் சூடாக இருந்தது என்பதுதான் நினைவு.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்குத் தரவுப் போட்டி ஒன்று வந்தது. எந்தத் தெருவில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு என்று வீடு வீடாகக் கேட்டு, கணினியில் வரைபடமாகக் காட்ட வேண்டும். பிரேமும் நானும் ஓர் அணி. கணினி வேலை அவனுக்கு; பொழிச்சலூரில் கதவு தட்டுவது எனக்கு.

ஒன்பது தெருக்களுக்கு ஒழுங்காகத்தான் போனேன், நம்புங்கள்! பத்தாவது தெருமுனையில் வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே பேக்கரி. அந்தத் தெருவின் பன்னிரண்டு படிவங்களையும் அங்கேயே நிரப்பினேன். எல்லா வீட்டுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு போட்டேன். என்ன தாராளம்!

வரைபடத்தில் பசியுள்ள தெருக்கள் சிவப்பு, மற்றவை பச்சை. முதல் பரிசு எங்களுக்கு! அதைவிடப் பெரிய சந்தோஷம், ஒரு தன்னார்வக் குழு அதை வைத்துச் சிவப்புத் தெருக்களுக்கு மாதாமாதம் மளிகைப் பை கொடுக்கத் தொடங்கியது.

இரண்டாவது மாதம் வண்டியோடு நாங்களும் போனோம். வீட்டுவேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா என்பவர் இடுப்பில் கைவைத்து வழிமறித்தார்.

“எங்க தெருவுக்கு மட்டும் இன்னாத்துக்கு வண்டி வர்றதில்ல?”

எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு, பிரேம் பவ்யமாக மடிக்கணினியைத் திருப்பினான். “அக்கா, உங்க தெரு பச்சையா இருக்கு பாருங்க. அங்க பிரச்சினை இல்லன்னு டேட்டா சொல்லுது.”

“பச்சையா? ஒரு மரங்கூட இல்லாத தெருப்பா அது!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... எல்லோரையும்விடச் சத்தமாக! ஏன் அப்படிச் சிரித்தேன்?

மறுநாள் தனியாகப் போய் அந்தப் பத்தாவது தெருவின் பன்னிரண்டு கதவுகளையும் தட்டினேன். ஏழு வீடுகள் சிவப்பு. போன மாதம் எத்தனை நாள் இரவுச் சாப்பாட்டை விட்டீர்கள் என்று கேட்டதும், ஸ்டெல்லா அக்கா விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

“பசங்களுக்குப் போட்டுட்டேன்மா. நான்தான் சாப்புடல” என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிரேமிடம், “ஃபார்ம் மாறிப்போச்சுடா” என்றேன். இன்னொரு பொய்! அவன் அன்றே திருத்தினான். அடுத்த மாதம் வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது கொண்டாட்டம்தான். யார் வீட்டிலிருந்தோ எல்லோருக்கும் டீ வந்தது.

இப்போதும் மாதத்தின் முதல் சனிக்கிழமை போகிறேன். அக்கா என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணு வூடு வூடா வந்து கேட்டதாலதான் நமக்கு வண்டியே வருது” என்பார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். நானும்...

உங்களிடம் சொல்லிவிட்டேன். சுலபமாகத்தான் இருக்கிறது. அவரிடம்? போன முறை வாயைத் திறந்தேன்.

“இன்னாம்மா?”

“ஒண்ணும் இல்லக்கா...”

“அப்போ இந்த மூட்டையப் புடி. கடைசி வூட்டம்மாவுக்கு முட்டி வலி.”

தூக்கிக்கொண்டு, அவர் பேசியதற்கெல்லாம் சிரித்தபடி, கடைசி வீடுவரை நடந்தேன்.