பெண் வீடா, மாப்பிள்ளை வீடா

நீலகண்டனின் சொந்தத்தில் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் ஜோசியரிடம் ஒரு தடவை கேட்பார்கள், நீலகண்டனிடம் ஒரு தடவை கேட்பார்கள். அன்றைக்கு அவருக்கு டூட்டி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, மலையாளம் பேசுகிற கரமனையில் வீடு, வயது ஐம்பத்திரண்டு. இருபத்துமூன்று வருஷமாகச் சொந்தக்காரர், சிநேகிதர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுக்கிறார். கூலி வாங்கமாட்டார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ஆறிப்போன பாயசத்தைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

கூலிக்கு அமர்த்துகிற போட்டோக்காரர்கள் மேடையைத்தான் எடுப்பார்கள். நீலகண்டனுக்கு மேடைக்குக் கீழே இருப்பவர்களையும் தெரியும். பத்து வருஷம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் கை கழுவுகிற இடத்தில் ஒரே துண்டில் கை துடைத்ததை எடுத்தவர் அவர். "நம்ம சொந்தத்துல எனக்கு முகம் தெரியாத ஆளு கெடையாது" என்று சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார்.

எடுத்த படங்களை இணையத்தில் ஓர் ஆல்பத்தில் போட்டு, லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொடுத்திருந்தார். எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே லிங்க்தான். திறந்தால் கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் படம் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை கைக்கு வந்த அன்றைக்கே அதைப் படம் பிடித்துப் போட்டுவிடுவார். தேதியும் மண்டபமும் முகூர்த்த நேரமும் எல்லாருக்கும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று நினைத்தார்.

அவர் மனைவி ஸ்வப்னாவின் அக்கா முத்தாரம்மாள். பாட்டியின் பெயரை மூத்தவளுக்கு வைத்துத் தீர்த்துவிட்டு, இளையவளுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். அந்த முத்தாரம்மாளின் மகள் திவ்யலட்சுமிக்குப் போன மே மாதத்தில் கல்யாணம் வைப்பதாக நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆதர்ஷுக்கு ஓசூரில் வேலை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது திவ்யாவின் தம்பி வினீத் போன் செய்தான்.

"சித்தப்பா, அக்காவுக்க படம் உங்கக்கிட்ட உள்ளது எல்லாம் வேணும். மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல ஓட்டுகதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீலகண்டன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாகர்கோவிலில் நடந்த ஒரு கல்யாணப் படம். திவ்யா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் தூணோடு ஒட்டி ஒருவன் நிற்கிறான். முப்பது வயது இருக்கலாம். சிமென்ட் நிறச் சட்டை, கரை வேட்டி. யாரோ மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்தது வித்துராவில் எடுத்தது. திவ்யா குழாயடியில் கை கழுவுகிறாள். வரிசையின் கடைசியில் அதே ஆள், அதே சட்டை.

நீலகண்டனின் விரல் நின்றுவிட்டது. நாகர்கோவில் கல்யாணம் ஸ்வப்னாவின் சித்தி மகனுடையது. வித்துராக் கல்யாணம் நீலகண்டனின் சொந்த அண்ணன் மகளுடையது. இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டிலும் பொதுவாக இருந்தது தங்கள் குடும்பம் மட்டும்தான். அப்படியானால் இவன் தங்களுடைய ஆளாக இருக்கவேண்டும். தங்களுடைய ஆள் இல்லை என்பது நீலகண்டனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு படமாகத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். நெய்யாற்றின்கரையில் நடந்த மூன்றாவது கல்யாணத்திலும் அவன் இருந்தான். மொத்தம் பதினொரு படம். ஒன்றில்கூட அவன் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பத்துப் படத்தில் அவன் திவ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவதில் அவன் பார்வை நேராக நீலகண்டனின் லென்ஸில் இருந்தது.

ஸ்வப்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இவனா? நாகர்கோவில்ல எனக்க பக்கத்துலதான் இருந்து சாப்பிட்டான். சாம்பார் எல்லாம் கேட்டு வாங்கினான். நான் மாப்பிள்ளை வீடுன்னுல்லா நெனச்சேன்."

அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். அழைப்பில்லாமல் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டுதான். ஆனால் நாகர்கோவிலுக்கும் வித்துராவுக்கும் பஸ் பிடித்துப் போய் ஒரே குடும்பத்தின் கல்யாணங்களில் மட்டும் சாப்பிடுகிறவன் யார்?

மறுநாள் டூட்டி முடிந்து முத்தாரம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். போனில் படங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனால் பேச்சு மாறவில்லை.

"தம்பி, யாரோ சாப்பாட்டுக்கு வாறவன். இதப் போய்ப் பெரிசாக்காண்டாம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா நம்ம பிள்ளயத்தான் ஒரு மாதிரியா பேசுவாங்க. பத்துப் பன்னெண்டு நாள் கழிஞ்சா அவ அங்க போயிருவா."

"இல்ல மயினி, இது சாப்பாட்டுக்கு வாறவன் பார்வை இல்ல."

"கல்யாணம் முடியட்டும், கேட்டேளா. அதுக்குப் பெறவு பேசலாம்."

திரும்பும்போது வாசலில் திவ்யா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருந்தாள். அன்றைக்குத்தான் வேலையை விட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். நீலகண்டன் போனை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். ஒரு செருப்பு காலிலேயே இருக்க, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிரஜின்" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்லூரியில் மூன்று மாதப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு வந்தவன். புத்தகம் கேட்டு வருவான். பிறகு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். அவள் முடியாது என்று சொன்னாள். இரண்டு எண்களை பிளாக் செய்தாள். மூன்றாவது எண்ணிலிருந்து, 'நீ சொல்லாவிட்டாலும் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும்' என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வீட்டில் சொன்னால் வேலைக்குப் போகவேண்டாம் என்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"ஒருதடவகூட நான் இவனக் காணல சித்தப்பா. இவ்வளவு பக்கத்துல நின்னிருக்கான். ஆனா வித்துராவுல கல்யாணம்னு இவனுக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலியே."

கேட்டுவிட்டு அவளே நிறுத்தினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"நூலகக் குரூப்புல ஒருக்க உங்க ஆல்பம் லிங்க்க போட்டிருந்தேன். எங்க அத்த மகளுக்க கல்யாணப் படம் பாருங்கன்னு. அந்தக் குரூப்புல இவனும் உண்டு."

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் நீலகண்டனுக்கு எல்லாம் விளங்கியது. யாரும் அவனுக்கு வழி சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்கூட்டியே பத்திரிகையைப் படம் பிடித்து அவன் கையில் கொடுத்தது நீலகண்டன்தான். கல்யாணம் முடிந்த பிறகு அவளுடைய படங்களையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். திவ்யாவின் கல்யாணப் பத்திரிகையையும் நான்கு நாளுக்கு முன்னால் போட்டாயிற்று. அன்றே லிங்க்கை அடைத்தார். அடைத்தென்ன. மண்டபமும் நேரமும் அவனிடம் போய்விட்டன.

வினீத்திடம் சொன்னார். அவனும் அவன் சிநேகிதன் பிரபினும் அந்த முகத்தைப் போனில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதாக ஏற்பாடு. மேடைப் பக்கம் ஸ்வப்னா இருப்பாள். "சின்ன லென்ஸ் எடுத்துட்டு வா" என்று நீலகண்டன் சொன்னால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். அவள் வினீத்தைக் கூப்பிடவேண்டும். முத்தாரம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. போலீஸ் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திவ்யா அம்மாவிடம் கேட்காமல் ஆதர்ஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவன், "அவனுக்க போட்டோவ எனக்கும் அனுப்பு" என்று மட்டும் சொன்னான்.

கல்யாணத்தன்று நீலகண்டன் எடுத்த படங்கள் அவர் வாழ்க்கையிலேயே மோசமானவை. தாலி கட்டும்போது அவர் லென்ஸ் கூட்டத்தில் அலைந்துகொண்டிருந்தது. சிமென்ட் நிறச் சட்டை போட்டவர்களெல்லாம் திரும்புகிற வரைக்கும் அவனாகத் தெரிந்தார்கள். முகூர்த்தம் முடிந்தது. நாகஸ்வரம் ஓய்ந்தது. பாதிக் கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்துபோக, மிச்சப் பேர் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையாக மேடை ஏறினார்கள். அவருக்கு மெல்ல மூச்சு வந்தது.

அப்போதுதான் பார்த்தார். வரிசையில் நான்காவதாக அவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கையில் மினுமினுக்கிற தாளில் பொதிந்த ஒரு தட்டையான பெட்டி. வாசல் வழியாக அவன் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்துப் பின்கதவு வழியாக வந்திருந்தான்.

"ஸ்வப்னா, சின்ன லென்ஸ் எடுத்துட்டு வா" என்றார். அவள் எழுந்து வேகமாக வாசலுக்குப் போனாள்.

மூன்று குடும்பங்கள் ஒவ்வொன்றாக நின்று இறங்கின. அவன் ஏறினான். திவ்யாவின் பக்கமாக நடந்தான்.

கத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது நீலகண்டனுக்கு. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ. கத்தினால் அவன் என்ன செய்வானோ. ஆஸ்பத்திரியில் உடைந்த காலோடு வந்து அலறுகிறவர்களிடம் மலையாளத்தில் பேசுகிற குரல் அவருக்குத் தானாக வந்தது.

"சாரே, அவிட வேண்டா. சேட்டனோட சைடுல வா."

மாப்பிள்ளைப் பக்கம் வரச் சொன்னதும் அவன் தயங்கினான். அவர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கையால் வழி காட்டினார். போட்டோக்காரர் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், அவனும் மறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். ஆதர்ஷ் ஓர் அடி எடுத்துவைத்துத் தன் தோளை இருவருக்கும் நடுவில் கொண்டுவந்தான்.

"பாக்ஸ் தாழ வெக்கணும். லைட் அடிக்குன்னு."

தாளில் வெளிச்சம் தெறிக்கிறது என்றால் கீழே வைக்கத்தானே வேண்டும். வைத்தான்.

"நேரா நிக்கு. அனங்கருது."

அசையாமல் நின்றான். லென்ஸ் வழியாக அவன் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். நீலகண்டன் ஒரு படம் எடுத்தார். இன்னொன்று. கண் மூடிவிட்டது என்று சொல்லி இன்னொன்று. தலையைச் சற்றுத் திருப்பச் சொல்லி இன்னொன்று. கீழே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பதினெட்டாவது படத்தில் வினீத்தின் கை அவன் தோளில் விழுந்தது. பிரபின் மறுபக்கம் வந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான். மூவரும் சிநேகிதர்கள் போல மேடையை விட்டு இறங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை.

அரிசி மூட்டைகள் வைத்திருந்த அறையில் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு படம். நீலகண்டன் வித்துராவில் எடுத்ததுதான். குழாயடியில் திவ்யாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்ற ஐந்து பேரையும் நீக்கி, இருவரையும் ஒட்டி நிற்பதுபோலச் செய்திருந்தான். அவன் போனில் அவளுடைய படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் நீலகண்டன் எடுத்தவை. சுற்றியிருந்த அம்மா, தம்பி, அத்தைமாரையெல்லாம் வெட்டியெடுத்துவிட்டு அவளை மட்டும் வைத்திருந்தான்.

போலீஸுக்குச் சொன்னது திவ்யாதான். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்கவில்லை. மாலையோடும் கல்யாணப் புடவையோடும் அந்த அறையிலேயே உட்கார்ந்து புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வந்த அதிகாரி, பரிசு கொண்டுவந்ததில் என்ன குற்றம் என்று முதலில் தயங்கினார். நீலகண்டன் பதினொரு படத்தையும் தேதியோடு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏழாவது படத்தில் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வழக்கு பதிவாயிற்று. பிரஜின் ஜாமீனில் வெளியே வந்தான். திவ்யாவும் ஆதர்ஷும் ஓசூருக்குப் போனார்கள். வீட்டு முகவரியை நெருங்கின சொந்தத்தில் நான்கு பேருக்கு மேல் கொடுக்கவில்லை. ஆல்பத்திலிருந்த எல்லாவற்றையும் நீலகண்டன் அழித்தார். அதற்குப் பிறகு இரண்டு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை கிழக்கே கோட்டை பஸ் நிலையத்திலிருந்து கரமனைக்கு பஸ் ஏறினார். நைட் டூட்டி முடிந்து வந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"சாரே" என்றது குரல். "அன்னு எடுத்த போட்டோ எனிக்கு கிட்டியில்ல."

அவன்தான். கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. அன்றைக்கு எடுத்த படம் தன் கைக்கு வரவில்லை என்று, ஸ்டூடியோவில் எடுத்துவிட்டு வாங்க மறந்த படத்தைக் கேட்பதுபோலக் கேட்டான். நீலகண்டன் எழுந்து கதவருகே போய் நின்றார். அவன் பின்னால் வரவில்லை. ஜன்னல் பக்கமாக நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டான். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு திவ்யாவுக்குப் போன் செய்தார்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"பஸ் நம்பரும் நேரமும் எழுதி வையுங்க சித்தப்பா. இன்னைக்கே வக்கீலுக்கு அனுப்பணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் என்னைப் பத்தி ஏதும் கேட்டானா?"

"இல்ல மக்களே. ஒண்ணும் கேக்கல."

"ஓசூர்னு தெரியுமோ அவனுக்கு?"

நீலகண்டன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே ஓசூர் என்று அச்சிட்டிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது.