கசியவே கசியாத குஷன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலயத்தில் பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்காரலாம் என்று போதகர் கை காட்டினார். சபை உட்கார்ந்தது.

'புஸ்ஸ்ஸ்ஸ்...'

முன் பெஞ்சில் தொடங்கி, கடைசி பெஞ்சு வரை. சபை மொத்தமும் சேர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு விட்டதைப் போல. போதகர் ஒரு கணம் வேதாகமத்திலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தார். இன்னும் அவர் பிரசங்கத்தை ஆரம்பிக்கவே இல்லை!

விருந்தாளியாகப் போயிருந்த நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பக்தியால் அல்ல. அந்த குஷன்கள் எல்லாம் அவள் செய்தவை.

ஸ்டெல்லா, அணுபுரத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரான அருளின் தங்கை. சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறாள். கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தாள். சீட்டுக்கு ஃபோம் வெட்டும்போது ஓரத்தில் துண்டு துண்டாக மிஞ்சும். அதைக் குப்பையாகப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டாள். சின்னதாக ஒரு ஷெட் போட்டாள். கூட வேலை பார்த்த இரண்டு பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அருளோடு ஷெட்டைப் பார்க்கப் போன அன்று, எனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு கேள்வி கேட்டேன். "பழைய பிளாஸ்டிக் குடத்தை உருக்கிப் புதுக் குடம் செய்கிறார்களே... இதையும் அப்படி உருக்கக் கூடாதா?"

பதில் அருளிடமிருந்து வந்தது. "ஃபோம் உருகாது மேடம். ஒரு தடவ செட் ஆச்சுன்னா ஆனதுதான். சூடு காட்டினா கருகும். எரிச்சா விஷப் புகை. கெமிக்கல் வழி ஒண்ணு இருக்கு. கிளைக்கால்னு ஒரு திரவம் ஊத்தி, ரியாக்டர்ங்கற மூடின கலன்ல சூடு பண்ணி, திரும்பத் திரவமாக்கலாம். அதச் சேர்த்துப் புது ஃபோமே செய்யலாம்."

"அண்ணே," என்றாள் ஸ்டெல்லா, "அடுத்த தபா வர சொல்லோ ஒரு ரியாக்டர கையோட எடுத்தாந்து இங்க வெச்சிட்டுப் போயேன். கரண்டு பில்லையும் நீயே கட்டிடு."

அவளுடைய வழி எளிது. துண்டுகளை மிஷினில் போட்டுப் பொடிசாக்க வேண்டும். பசை கலந்து அச்சில் கொட்டி, அழுத்தி, நீராவி காட்ட வேண்டும். கட்டியாக இறுகி வரும். மெத்தைக் கடையில் நீலமும் ரோஜாவும் கறுப்புமாகப் புள்ளி போட்ட ஃபோம் பார்த்திருப்பீர்களே... ரீபாண்டட் என்பார்கள். அதேதான். நம்மில் எத்தனை பேர் யாருடைய கார் சீட்டின் ஓரத்திலோ படுத்துத் தூங்குகிறோமோ!

முதலில் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதிக்கு நாற்காலி குஷன் செய்து கொடுத்தாள். தையல் வழியாக ஃபோம் தூள் உதிர்ந்தது. காபி குடித்து எழுந்த விருந்தினர்களின் பின்பக்கமெல்லாம் நீலப் புள்ளி. அத்தனை குஷனும் திரும்பி வந்தது.

அடுத்த ஆர்டர் அவளுடைய சபையிலிருந்தே வந்தது. ஒரு ஞாயிறு போட்டுப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடு என்று சபையை நிர்வகிக்கும் மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். இதுவும் திரும்பி வந்தால் ஷெட்டை மூட வேண்டியதுதான். மூன்று பெண்களும் மறுபடி கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

தங்கைக்காக அண்ணன் களத்தில் இறங்கினார். அங்கேதான் வந்தது வினை.

அருளுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கசிவு சோதிக்கும் வேலை. வால்வு, குழாய், இணைப்பு... எதிலும் ஒரு துளி கசியக் கூடாது. வீட்டுக் குழாய் சொட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் வராது. எனக்குத் தெரியும். பக்கத்து வீடு என்னுடையது.

குஷனுக்கு ரெக்சின் உறை. இரட்டைத் தையல். தையலின் உள்பக்கம் பசை போட்டு டேப். போதாதென்று, தையல் நெடுக சோப்பு நுரை தடவி, குஷன் மேல் ஏறி உட்கார்ந்து, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. "லீக்கே கிடையாது!" என்றார். ஜிப்பை அவர் சோதிக்கவில்லை. ஜிப், தையல் இல்லையே! ஷெட்டில் ஓடிய மிஷின் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை.

உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? உட்கார்ந்தால் அத்தனையும் ஜிப் முனை வழியாக 'புஸ்ஸ்'. எழுந்தால் அதே வழியாக 'ஈஈக்' என்று உள்ளே. ஆராதனையில் எத்தனை முறை உட்கார்ந்து எழ வேண்டும்! அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றி. போதகர் "பொறுமை" என்று சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவர் நெளிந்தார்... புஸ்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் வெளியே மர நிழலில் கூடினார்கள். சபைச் செயலாளர் ஞானராஜ் கொதித்தார். "இது இன்னா ஆராதனையா, சைக்கிள் கடையா? எல்லாத்தையும் எடுத்துக்கினு போம்மா!"

ஸ்டெல்லா உள்ளே போய் குஷன்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். எங்களோடு வந்திருந்த அருள் ஒரு குஷனின் ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது மூப்பர்களிடம் மேரி வந்தாள். ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்பவள். தன் குஷனைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். "அய்யா, வாரம் பூரா கம்பெனில நின்னுகினே கீறேன். ஞாயித்துக்கெயம ஒரு நாளுதான் உக்கார்றேன். சத்தத்த நிப்பாட்ட சொல்லு, ஒத்துக்கறேன். குஷன கேட்டீன்னா தர மாட்டேன்."

பின்னால் இன்னும் சில பெண்கள், கக்கத்தில் குஷனோடு. ஞானராஜ் சுற்றிலும் பார்த்தார். "சரி... அடுத்த வாரம் ஒரே ஒரு சத்தம் வந்தாலும்..." என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"அண்ணே, ஓட்ட போடணும்," என்றாள் ஸ்டெல்லா.

"ஓட்டையா? நானா?"

"ஆமா, நீதான். உன் கையாலயே போடு."

சர்வீஸ் முழுக்க ஓட்டையை அடைத்த மனிதர். அந்த வாரம் ஒவ்வொரு குஷனின் அடியிலும் தன் கையால் துளை போட்டு, உலோக வளையம் அடித்தார். தூள் உதிராமலிருக்க உள்ளே மெல்லிய வலை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எந்த வேலையில் நாம் பெயர் வாங்குகிறோமோ, அதை வேண்டாத இடத்திலும் செய்து வைக்கிறோம். அவரைச் சொல்லி என்ன... ஆபீஸில் ஃபைலுக்குத் தேதி போட்ட பழக்கத்தில், வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கும் தேதி எழுதி ஒட்டுகிறவள் நான்.

அடுத்த ஞாயிறு. சபை உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. சத்தமே இல்லை. ஞானராஜ் மட்டும் சந்தேகத்தோடு இரண்டு முறை கூடுதலாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார். ஆர்டர் நிலைத்தது.

போன வாரம் பக்கத்து ஊர்ப் போதகர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். தம் சபைக்கும் குஷன் வேண்டுமாம். ஸ்டெல்லா சந்தோஷமாக அளவு குறித்துக்கொண்டாள். புறப்பட்டவர் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எங்க ஆளுங்க பிரசங்கத்துல தூங்கிடறாங்கம்மா... அந்த சத்தம் போடற மாடல் இன்னும் கீதா?"