யமன் என்றொரு கார்

நடுப்பகலில் தொட்டால் விரல் சுடும். அப்படியும் தொடாமல் இருக்க முடியாது. அய்யா வாங்கிய புதுக் காரின் டிக்கிக் கதவில், வலது மூலையில், வெள்ளியாய் மின்னிய ஐந்து ஆங்கில எழுத்துகளைத்தான் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் ஒய்யில் தொடங்கி என்னில் முடித்து, எழுத்துக் கூட்டி, 'யாமன்' என்று வாசித்தேன். அய்யா தலையாட்டினார். அதற்கு என்ன பொருள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காரின் நிறம் வெளிர்நீலம். சாம்பல் என்று என் அண்ணன் இன்றும் சொல்வான், அது சரியல்ல.

அய்யா என்றால் என் அப்பா, பெயர் முத்தையா. இராமநாதபுரத்தில் அடுத்தவருடைய பெரிய கார்களை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல வருடங்கள் நினைத்திருந்து, புதிய கார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடை விரித்த அந்தக் காலத்தில் துணிந்து இறங்கினார். வடக்கே ஒரு கம்பெனி செய்த இந்தச் சின்னக் கார் கீழக்கரைச் சந்துகளில் நுழையும், ஒரே வளைப்பில் திரும்பும், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. மதுரைக்குப் போய் என்ஜின், டயர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் குனிந்து பார்த்துத்தான் எடுத்துவந்தார். பெயரை மட்டும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் வண்டிக்கு ஓய்வே இல்லை. அதன் பிறகு கம்பெனி தமிழில் விளம்பரம் செய்யத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த நீளச் சுவர் முழுக்க வெள்ளையடித்து, எங்கள் காரையே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு வரைந்து, மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'வருகிறான் யமன். இனி உங்கள் குடும்பத்தோடு.'

டாக்சி ஸ்டாண்டில் அய்யாவுக்கு நெருக்கமானவர் செல்லச்சாமி மாமா. அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "ஏலே மாப்ள, எருமைக்கு இன்னைக்கு எத்தன லிட்டரு ஊத்துன?" என்று கேட்பார். முன் சீட்டில் உட்காரச் சொன்னால், "அந்தப் பெல்ட்ட மட்டும் எம்மேல போட்றாத. நான் புள்ளகுட்டிக்காரன்" என்று பயந்தவர்போல் நகர்ந்துகொள்வார். ஸ்டாண்டே சிரிக்கும். அய்யாவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் சிரிப்பு ஊருக்குள் பரவியதும் சவாரி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏறவில்லை. பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்த ஒரு தகப்பனார், "வண்டி நல்லாத்தான் இருக்கு முத்தையா, பொம்பளைக சம்மதிக்க மாட்டேங்குறாக" என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டு ஜட்கா பிடித்துப் போனார். தீர்த்தமாட இராமேஸ்வரம் போகிற குடும்பங்கள்கூட எங்கள் காரைத் தாண்டிப்போய் அடுத்த காரில் ஏறின.

ஒரு நாள் சாப்பிடும்போது அய்யா அம்மாவிடம், "ஆடி வரைக்கும் பாப்பேன். ஓடலைன்னா வித்துட்டு மறுபடி மொதலாளி வண்டிக்கே போறேன்" என்றார். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

ஆடிக்குச் சில நாட்களே இருந்தபோது கீழக்கரையிலிருந்து ஆள் வந்தது. துபாயில் வேலை பார்த்த செய்யது மரைக்காயர் விடுமுறை முடிந்து புறப்படுகிறார். இராமநாதபுரத்தில் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும். பேசி வைத்திருந்த கார் வழியில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பெட்டிகளை ஏற்றும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மகனை வழியனுப்ப ரயிலடி வரை வருவதாக இருந்த மரைக்காயரின் உம்மா வாசலுக்கு வந்து காரைப் பார்த்தார்.

"சொவத்துல எழுதிப்போட்டிருக்கானுவளே, அந்த வண்டியா இது?"

"பேருல என்னம்மா இருக்கு" என்றார் மரைக்காயர்.

"எமன் உனக்குப் பேரு. எனக்கு மவுத்து, சாவு. கடல் தாண்டிப் போற புள்ளைய அதுல ஏத்தி அனுப்பச் சொல்றியா? பெட்டிய எறக்கு."

மகன் ரயிலுக்கு நேரமாகிறது என்றார். உம்மா நிலைப்படியை விட்டு அசையவில்லை. அய்யா இறங்கிப் போய் டூல்ஸ் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"எழுத்துதானே உங்களுக்குத் தொந்தரவு? இந்தா, பேத்து எறிஞ்சிர்றேன். ஒரு நிமிசம் பொறுங்க."

அதுவரை அந்தக் காரில் ஒரு கீறல் விழ விடாதவர் அவர். திருப்புளியைக் கொடுத்து நெம்பினார், பெயிண்டு பெயர்ந்தது, முதல் எழுத்து துள்ளி மணலில் விழுந்தது. அடுத்ததற்குப் போனபோது மரைக்காயர் அவர் கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க முத்தையாண்ணே. பாப்பா, இப்ப என்ன இருக்கு, வாசி."

"அமன்" என்றேன்.

"கொஞ்சம் இழுத்துச் சொல்லு. அமான்." உம்மா பக்கம் திரும்பினார். "பாத்தியளா? அரபில பத்திரம்னு அர்த்தம். எந்த ஆபத்தும் இல்லைன்னு அர்த்தம்."

"நெசமாவா? ரயிலுக்காவ கதை வுடுறியா?"

"ஓதிக் குடுத்த ஆலிம்சாட்ட கேளுங்க."

உம்மா கிட்டே வந்து, வாசிக்கத் தெரியாத அந்த நான்கு எழுத்துகளையும் விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு எழுத்த எடுக்குறதுக்கு இம்புட்டு நாளாப்பா ஒனக்கு?" என்று அய்யாவைக் கேட்டுவிட்டு, பிஸ்மி சொல்லி ஏறினார். ரயில் கிடைத்தது.

அந்த வாரத்திலிருந்து கீழக்கரைக்கு எங்கள் கார்தான். வெளிநாடு போகிறவர்கள் 'அமான் வண்டி' என்று சொல்லியனுப்பிக் காத்திருந்தார்கள். கீழக்கரைக்காரர்கள் ஏறுவதைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். ஆடி வந்து போனது. விற்பதைப் பற்றி அய்யா பிறகு பேசவில்லை.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தெற்கு மாவட்டங்களில் கார் ஏன் விற்கவில்லை என்று விசாரிக்க வந்தவருக்கு, நன்றாக ஓடும் ஒரே வண்டி என்று எங்கள் வீட்டைக் காட்டியிருந்தார்கள். யமன் என்பது வடக்கே ஓர் இராகம், மாலையில் பாடுவது என்று அவர் பெருமையோடு சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு வரி பாடியும் காட்டினார். இனிமையாக இருந்தது. பிறகு காரைச் சுற்றிப் பார்த்து, முதல் எழுத்து எங்கே என்று கேட்டார்.

"தானா விழுந்துருச்சு சார். உப்புக்காத்து" என்றார் அய்யா.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "வீடு தேடி வந்து பாட்டுப் பாடுன மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது" என்றார். அதிகாரியோ உப்புக்காற்று என்பதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு போயிருந்தார். அதன் பிறகு வந்த கார்களில் ஐந்து எழுத்துகளுக்கும் ரிவெட் அடித்திருந்தார்கள். செல்லச்சாமி மாமா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே எமனை ஒருத்தனும் அசைக்க முடியாது மாப்ள" என்றார்.

என்ஜின் நல்ல என்ஜின்தான். ஆனால் நான் கல்லூரி முடிப்பதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது சாலையில் போகும் சின்னக் கார்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த மொழியிலும் எனக்குப் பொருள் தருவதில்லை. அதுவே பத்திரம் என்று கம்பெனிகள் முடிவு செய்திருக்கலாம். எங்கள் கார் பதினாறு வருடம் ஓடி, அடித்தகடு துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போனது. அந்த மாதிரி வண்டி ஒன்றை நான் கண்ணால் பார்த்து வெகு நாளாகிறது. விளம்பரச் சுவர் இருந்த இடத்தில் செல்போன் கடைகள்.

அய்யாவுக்கு எண்பது நெருங்குகிறது, நன்றாக இருக்கிறார். போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் வந்தது, செய்யது மரைக்காயரின் பேத்திக்கு. உறையில் பச்சை மையில் 'அமான் முத்தையா அவர்கள், குடும்பத்தினருடன்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரில் எந்தக் கம்பெனியும் கார் செய்யவில்லை.