குல்நிசா சமைத்த சட்டி

இருபது வருடத்துக்கு முன், பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் எங்கள் எதிர்வீட்டில் குல்நிசா என்ற உய்குர் பெண் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் என்னைத் தேடி வந்து கதவு தட்டியவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் தன் ஊர்ப் புலாவ் சமைக்க என் பெரிய சட்டியைக் கேட்டாள். என் அடுப்பிலேயே சமைக்கச் சொன்னேன். ஆட்டிறைச்சியும் கரட்டும் அரிசியுமாக வெந்துகொண்டிருந்தபோது மகன் வந்தான்.

“அம்மா, நேத்து நான் பண்டி இறைச்சி காய்ச்சின சட்டியெல்லோ இது? அவ முஸ்லிம், சாப்பிடமாட்டா. சொல்லுங்கோ.”

கழுவிய சட்டிதான், என்றாலும் தெரிந்தால் அவள் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

மகன் என்ன சொல்கிறான் என்று குல்நிசா பிரெஞ்சில் கேட்டாள். உண்மையைச் சொன்னால் இனி வரமாட்டாளே என்று பயந்து, நல்ல வாசமாம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டேன்.

“நல்ல ஆள்தான் நீங்கள்!” என்று மகன் அறைக்குள் போய்விட்டான்.

அவள் மகிழ்ந்துபோய் அவனுக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தாள். பிறகு பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.

மறுவாரம் புதுச் சட்டி ஒன்று வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.