காதைத் தொட மறந்த பேதுரு

இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகும் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. தெரிந்துவிட்டால் அன்றைக்கு வேலை கெட்டுப்போனது என்று அர்த்தம்.

அவள் அண்ணன் அந்தக் குழுவின் பெரிய நடிகர். வரி தேவைப்பட்டால் இடது காது மடலைத் தொடுவார். இவள் உதட்டுக்குள்ளேயே சொல்லுவாள், அவர் பிடித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த நாளிலேயே இரண்டு பேரும் பழகிக்கொண்ட திருட்டு அது. எட்டு மாதமாகத் தொட்டுத் தொட்டு அந்தக் காது சிவந்தேதான் இருந்தது.

புது நாடகம் முழுக்கக் கவிதை. வேதாகமத்துச் சீடன் பேதுருவின் கதை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தவனிடம், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று மூன்று முறை கேட்கிறார்கள். மூன்று முறையும் தெரியாது என்கிறான். இந்தப் பேதுருவுக்கு அங்கி இல்லை, பழைய கோட்டு. மூன்றாவது மறுப்புக்குக் கூவும் சேவல் இல்லை, ஆலைச் சங்கு. அவரைத் தெரியாது என்று சொல்லச் சொல்ல, தான் யார் என்பதே அவனுக்குக் கழன்று போகிறது. எதுகை மோனை மருந்துக்கும் கிடையாது. ஒரு சொல் நழுவினால் அடுத்ததைப் பிடித்துத் தொங்க வழியில்லை. ஞாபகம் ஆட்டம் கண்ட மனுஷனுக்குப் போயும் போயும் இந்த வேஷமா!

"அண்ணே, இது வேண்டாமே."

"ஏன், நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

மேடையை விட்டு இறக்கினால் மிச்சமிருக்கும் அண்ணனும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். அதனால் ஒத்திகையில் இயக்குநர், "அக்கா, அவருக்கு மறதி ஏதும்...?" என்று இழுத்தபோது, "அவருக்கா? என் கல்யாணத்துக்கு யார் யார் வரலைன்னு இன்னும் பட்டியல் படிப்பார்" என்று சிரித்து மழுப்பினாள். படிக்கட்டில் மறித்துக் கேட்டபோது, "இல்ல தம்பி." முதல் ஆட்டத்தன்று காலையில், "வேற ஆள் தயாரா இருக்கான், உண்மையைச் சொல்லுங்க" என்றபோது, "அப்படி எதுவும் எனக்குத் தெரியாது." பிடிவாதக்காரி. சொன்ன பிறகு தண்ணீர் குடித்தாள்.

மாலை நான்கு மணி ஆட்டம். வேலைக்காரியாக நடித்த பெண் மூன்றாவது தடவை கேட்டாள். "நீயும் அவரோடு இருந்தவன்தானே? நீ யார்?" இங்கே பேதுரு பத்து மூச்சு பேசாமல் நிற்க வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தது. அவள் எண்ணினாள். பத்து. பதினொன்று. காதைத் தொடு அண்ணே, தொடு. அவர் தொடவில்லை. பதினைந்து வரை காத்திருந்தாள், அங்கேதான் தப்பு. வரியோடு சேர்த்து அந்தச் சைகையையும் அவர் மறந்திருந்தார்.

"அவரை எனக்குத் தெரியாது" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

அவர் திரும்பி ஓரத் திரை வரைக்கும் வந்தார். "நீ யாரும்மா? உன்னை எங்கயோ பாத்திருக்கேன்."

பார்க்க வந்தவர்கள் இதுவும் கவிதை என்று நினைத்தார்கள். மடியில் இருந்த தாளில் அதே வரி. இன்னொரு தடவை அதைச் சொன்னால் நாடகம் பிழைத்துவிடும்.

"உன் தங்கச்சி, அண்ணே" என்றாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

எழுந்து, செருப்புக் காலோடு வெளிச்சத்துக்குள் போனாள். அவர் கையைப் பிடித்து நெருப்புப் பக்கம் உட்கார வைத்தாள். "நான் சொல்றேன், பின்னாடியே சொல்லு." பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கடைசித் 'தெரியாது' அவள் முகத்தைப் பார்த்தபடியே வந்தது. சங்கு ஊதியது. கைதட்டல் ஓயவே இல்லை.

நடையில் இயக்குநர் நின்றார். "எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா. நான்தான் மறைச்சேன்."

"நாளையிலேருந்து வேற ஆள்தான், அக்கா." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஒப்பனை அறையில் அண்ணன் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எரிந்து விழுந்தார். "வந்தியா மகராசி! எவளோ ஒருத்தி செருப்போட மேடையில ஏறிட்டா. நீ என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா? நாளைக்கு அவளை உள்ள விடாதே."

"விட மாட்டேன்."

"யாரவ?"

அவள் குனிந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள்.

"தெரியாது, அண்ணே."